வெனிஸ் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்

எட்டு வருஷமாக யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "வெனிஸா? நாத்தம், கூட்டம், கொள்ளை. போட்டோல பாத்தாப் போதும்." சொந்தத்தில் இரண்டு குடும்பங்கள் என் பேச்சைக் கேட்டு வெனிஸை வெட்டிவிட்டு சுவிட்சர்லாந்தில் ஒரு நாள் கூடுதலாகப் பனி பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

முதல் தடவை போனது 2017 ஜூனில். 11 நாளில் 7 நாடு என்று ஒரு குழுச் சுற்றுலா. யார் நடத்தியது என்பது வேண்டாம், எல்லாருடைய திட்டமும் ஏறக்குறைய அதேதான். த்ரொன்கெத்தோ என்ற வண்டி நிறுத்தும் தீவில் பஸ் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஒரு படகு. சான் மார்கோ சதுக்கத்தருகே இறங்கி, கொடி பிடித்தவர் பின்னால் ஓட்டம். கண்ணாடிப் பட்டறையில் ஒருவர் ஊதி ஊதிக் குதிரை செய்து காட்டினார். கைதட்டி முடிப்பதற்குள் கதவு திறந்தது, அந்தப் பக்கம் கடை. பிறகு கொண்டோலா. படகுக்கு ஆறு பேர், தலைக்கு 30 யூரோ. முழுப் படகுக்கும் நகராட்சி வைத்திருந்த கட்டணமே 80 யூரோதான் என்பது ஊர் திரும்பிய பிறகு தெரிந்தது. மீதி 100 எங்கே போனதென்று நான் இன்னமும் சில ராத்திரி யோசிப்பதுண்டு.

மொத்தம் நாலு மணி நேரம். அதில் நாற்பது நிமிஷம் நான் கழிப்பறை தேடினேன். வெயிலில், நீர் இறங்கிய நேரத்தில், கால்வாயின் பச்சைப் பாசியும் சேறும் கிளப்பிய வாடை என் சேலையோடு ரோம் வரைக்கும் வந்தது. இதை வைத்துத்தான் எட்டு வருஷம் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன நவம்பரில் ம்யூனிக்கில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். "ரெண்டு ராத்திரி வெனிஸ் போயிட்டு வாங்க, நான் டிக்கெட் போட்டுட்டேன்" என்றாள். ரயில் ஆல்ப்ஸைக் கடந்து ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. நான் சிக்கனக்காரி, கரையிலேயே உள்ள மெஸ்த்ரேவில் அறை பாதி விலைதான் என்று ஆரம்பித்தேன். "அம்மா, தீவுக்குள்ளதான் தங்கணும். மெஸ்த்ரேல ரூம் போட்டா உங்ககூடப் பேசவே மாட்டேன்." இவர் வழக்கம்போல மகள் கட்சி.

மெஸ்த்ரேயைத் தாண்டியதும் ரயில் கடல் காயல்மேல் ஓடுகிறது. 1846இல் இந்தப் பாலம் வரும்வரை இந்த ஊருக்குள் வரப் படகுதான் வழி. சாந்தா லூச்சியா நிலையத்தை விட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தால், ஆட்டோ ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். பெரிய கால்வாய். பஸ் வேண்டுமென்றால் அதுவும் தண்ணீரில்தான் வருகிறது. வப்போரெத்தோ என்பார்கள், 75 நிமிஷத்துக்கு 9.50 யூரோ. இரண்டு நாள் பாஸ் 35. பாஸ் எடுத்துவிடுங்கள்.

காதல் நகரம் என்கிறார்களே, அதன் முதல் பரீட்சை பெட்டி தூக்குவது. பாலம் ஒவ்வொன்றுக்கும் படிக்கட்டு. ஊரில் நானூறுக்கு மேல் பாலங்கள், எங்கள் அறைக்குப் போகிற வழியில் ஐந்து. மூன்றாவது பாலத்தில் இவர், "உள்ள என்ன அம்மிக்கல்லா?" என்றார். கல்யாணமாகி 29 வருஷம் ஆனவர்களுக்கு ஊர் கொடுத்த வரவேற்பு அது. விலாசமும் உதவாது. தெருப்படி இல்லாமல் பேட்டைப்படி எண் போட்டிருக்கிறார்கள். ஆறு பேட்டைகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் எண்கள். மூவாயிரத்துச் சொச்சம் என்ற கதவுக்குப் பக்கத்துக் கதவு வேறெங்கோ ஒரு சந்தில் இருக்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. கொடிகள் எல்லாம் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டன. சந்துகளில் எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. முதலில் என்ன குறைகிறது என்று பிடிபடவில்லை. ஹாரன். ஒரு வண்டி கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. ஏதோ ஒரு மாடியில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் தெருவுக்கு வருகிறது. பனிமூட்டம் இறங்கி விளக்குகள் மஞ்சளாய்க் கரைந்தன. ஈரப் படியில் வழுக்குமென்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். வழுக்காத இடத்திலும் விடவில்லை. (மகளே, இந்த வரியைப் படிக்காதே.)

காலை அதைவிட நன்றாக இருந்தது. ஆறரை மணிக்கே ஊர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறது. குப்பைக்குப் படகு, சிமென்டுக்குப் படகு, ஓட்டலுக்குத் துவைத்த துணிக்குப் படகு, கூரியருக்கு மஞ்சள் படகு. ஆம்புலன்ஸும் படகுதான், சைரனோடு அலை கிளப்பிக்கொண்டு போனது. கரையில் சாமான் இறக்கியதும் கைவண்டி. அதன் முன்னால் கூடுதலாக இரண்டு சின்னச் சக்கரங்கள். அவற்றை மேல்படியில் ஊன்றி வண்டியைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். அரை மணி நேரம் ஒரு பாலத்தடியில் நின்று இதையே பார்த்தேன். இவர் பொறியாளர், அவரும் நகரவில்லை. எனக்கு இந்த ஊரின் அழகு அரண்மனைகளில் இல்லை, இதில்தான் இருந்தது. நிலமே இல்லாத இடத்தில் சேற்றில் மரக்கம்பங்களை அறைந்து, மேலே கல் பரப்பி, நூற்றுச் சொச்சம் திட்டுகளைத் தைத்து ஒரு ஊர். காற்றுப் புகாத சேற்றில் மரம் அவ்வளவு சீக்கிரம் உளுத்துப்போவதில்லை.

ஒவ்வொரு சதுக்கத்திலும் நடுவில் செதுக்கிய கல் கிணறு ஒன்று இரும்பு மூடியோடு நிற்கும். 2017இல் அதன்மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டேன், என்னவென்று கேட்கவில்லை. சுற்றிலும் உப்புநீர், குடிக்க ஒரு சொட்டு கிடையாது. அதனால் சதுக்கத்தின் தரை முழுவதுமே மழைநீர் பிடிக்கும் ஏற்பாடு. நீர் சரிந்து கல்துவாரங்களில் இறங்கி, மணலில் வடிந்து, நடுக் கிணற்றில் ஊறும். கடல்நீர் கசிந்து வராமல் சுற்றிலும் களிமண் பூச்சு. 1884இல் குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் பிழைத்தது இதை நம்பித்தான். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தலைமுறை நான். அந்த மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

ரியால்தோ பாலத்துக்குப் பக்கத்தில் மார்கோ போலோவின் வீடு இருந்ததாகச் சொல்லும் முற்றம் இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் ஒரு நாடக அரங்கு. தெரிந்துதான் போனேன். 1271இல் இங்கிருந்து கிளம்பி 1295இல் திரும்பியவர், வழியில் நம் பாண்டி நாட்டுக் கடற்கரையைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். காயல் என்ற நம் துறைமுகத்தில் வந்திறங்கும் குதிரைகள், வலது கையால் மட்டும் சாப்பிடும் வழக்கம், பாத்திரத்தில் வாய் படாமல் அண்ணாந்து குடிக்கும் வழக்கம் எல்லாம் அவர் குறிப்பில் உண்டு. அந்த முற்றத்தில் நின்று என் தண்ணீர்ப் பாட்டிலை அண்ணாந்து குடித்தேன். வேண்டுமென்றுதான். இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நம் பக்கத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. மலபார் மிளகு அலெக்சாந்திரியா வழியாக இங்கே வந்துதான் ஐரோப்பாவுக்குப் பிரிந்தது. இந்த அரண்மனைகளுக்குப் போட்ட பணத்தில் கணிசமான பங்கு அந்தக் காரத்தில் வந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்குக் கடல்வழி கண்டுபிடித்த செய்தி வந்தபோது ரியால்தோ வியாபாரிகளுக்குத் தூக்கம் போயிருக்கிறது. காதல் நகரம் என்பதெல்லாம் பின்னால் ஒட்டிய பெயர். அடிப்படையில் இது ஒரு செட்டித்தெரு.

சாப்பாட்டில் ஒரு அதிர்ச்சி. நின்றபடியே சிறு தீனி சாப்பிடும் பாக்கரோ கடைகளில் அவர்கள் பெருமையோடு தருவது பக்கலா மந்தெகாத்தோ. ரொட்டித் துண்டில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஏதோ. விசாரித்தால், நார்வேயிலிருந்து வரும் காய்ந்த மீனை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் விட்டு அடித்தது. கப்பல் உடைந்து 1432இல் நார்வேத் தீவில் ஒதுங்கிய குவெரீனி என்ற வெனிஸ் வியாபாரி இந்த மீனை ஊருக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். ஆக, கருவாடு! கருவாட்டுக்கு இவ்வளவு மரியாதை செய்கிற ஊரைப் போய் நாறுகிறது என்று எட்டு வருஷம் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கடையின் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த பையன் "இந்தியா?" என்றான். பங்களாதேஷ்காரன். இந்தியில் பேசினோம். வேலை முடிந்து நடுராத்திரி பஸ்ஸில் மெஸ்த்ரே திரும்புவானாம். தீவில் வாடகை கட்டுப்படியாகாது. அவனுக்கு மட்டுமா? 1951இல் பழைய நகரத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்தார்கள். 2022இல் ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. சான் பர்த்தொலொமேயோ சதுக்கத்து மருந்துக்கடை ஜன்னலில் 2008 முதல் மின்னணுப் பலகை ஒன்று இருக்கிறது. ஊரில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று காட்டுகிறது. குடியிருந்த வீடுகள் எங்களைப் போன்றவர்களுக்கு நாள் வாடகை அறைகளாகிவிட்டன. தீவில் தங்குங்கள் என்று நான் சொல்வதிலும் இந்த உறுத்தல் உண்டு. அதனால் நாங்கள் பழைய சின்ன விடுதி ஒன்றில் தங்கினோம், அடுக்குமாடி வீட்டை எடுக்கவில்லை. அதற்காகப் பாவம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை.

2024 ஏப்ரல் 25 முதல், வசந்தத்திலும் கோடையிலும் குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அடுத்த வருஷம் கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 என்று ஆக்கினார்கள். ராத்திரி தங்குபவர்களுக்கு இல்லை. சரியான குறி, மிகச் சின்னக் கல் என்பது என் கட்சி. எங்கள் 2017 குழுவிடம் தலைக்கு 5 யூரோ கேட்டிருந்தால் கட்டிவிட்டு அதே நாலு மணி நேரம் ஓடியிருப்போம். பயணத் திட்டத்தில் ஒரு வரி கூடியிருக்கும், அவ்வளவுதான். 2021இல் பெரிய சொகுசுக் கப்பல்களை ஜுதேக்கா கால்வாயில் வரக்கூடாது என்று தடுத்தார்களே, அது வேலை.

கொண்டோலா? இப்போது பகலில் 30 நிமிஷத்துக்கு 90 யூரோ, படகு முழுவதற்கும். நாங்கள் ஏறவில்லை. பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க த்ரகெத்தோ என்ற பொதுத் தோணி இருக்கிறது. அதுவும் கொண்டோலா வகைதான், ஆளுக்கு 2 யூரோ, இரண்டு நிமிஷம். சாந்தா சோஃபியாவில் ஏறி மீன் சந்தைப் பக்கம் இறங்கினோம். கொண்டோலாவின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 செ.மீ. அகலம். ஒரே துடுப்பால் ஒரே பக்கம் வலித்தாலும் நேராகப் போவதற்காக அப்படி வளைத்துக் கட்டுகிறார்கள். அன்று 30 யூரோ கொடுத்து உட்கார்ந்தவளுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் பாதிக் கோபம் குறைந்திருக்கும்.

கடைசி நாள் காலை சான் மார்கோ சதுக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். மலிவான பிளாஸ்டிக் உறையைச் செருப்பின்மேல் மாட்டிக்கொண்டு பலகைப் பாதையில் வரிசையாக நடந்தோம். 2019 நவம்பரில் கடல்மட்டம் 187 செ.மீ. வரை ஏறி ஊரையே மூழ்கடித்த பிறகு, 2020 அக்டோபரிலிருந்து காயலின் மூன்று வாயில்களிலும் மொத்தம் 78 இரும்புக் கதவுகள் எழும்பிக் கடலைத் தடுக்கின்றன. பொதுவாக 110 செ.மீ.க்கு மேல் வரும் என்று தெரிந்தால்தான் தூக்குவார்கள். சதுக்கமோ அதற்கு வெகு முன்பே நனைந்துவிடும் பள்ளம்.

பலகை முடிகிற இடத்தில் சிவப்புக் கொடி ஒன்று, பின்னால் நம் ஊர் முகங்கள் முப்பது. வரிசையிலிருந்து ஒரு அம்மா என் பொட்டைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று வந்தார்.

"ஏம்மா, நீங்க தமிழா? இங்க பாத்ரூம் எங்கம்மா இருக்கு?"

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றரை யூரோ சில்லறையும் கொடுத்தேன்.