இறந்தவரைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

2017 செப்டம்பரில் மரியா சூறாவளி, அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப்போட்டது. அரசு பல மாதங்கள் சொல்லிவந்த இறப்புக் கணக்கு 64. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 3,299 வீடுகளில் விசாரித்துச் சொன்ன மதிப்பீடு 4,645. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இறப்புப் பதிவேட்டிலிருந்து கணக்கிட்டது 2,975. கடைசியில் அரசு ஏற்றுக்கொண்டதும் இதைத்தான்.

இதைக் காட்டி "புள்ளிவிவரமே பொய்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 64 என்பது இறப்புச் சான்றிதழில் புயல்தான் காரணம் என்று எழுதப்பட்டவர்கள் மட்டும். மின்சாரம் இல்லாமல் டயாலிசிஸ் தடைப்பட்டு இறந்தவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்றுதானே எழுதுவார்கள்? 4,645 என்ற எண்ணோடு உண்மை எண் 793 முதல் 8,498 வரை எங்கும் இருக்கலாம் என்ற வீச்சும் சேர்ந்தே வந்தது. அதை யாரும் பகிரவில்லை. பதிவேட்டுக் கணக்கிலும் ஒரு சிக்கல்: புயலுக்குப் பின் ஏராளமானோர் தீவை விட்டுப் போய்விட்டார்கள். மக்கள்தொகையில் அவர்களைக் கழிக்காவிட்டால் கூடுதல் இறப்பு, அதாவது வழக்கமாக எதிர்பார்ப்பதைவிட அதிகமாக நேர்ந்த இறப்பு, குறைவாகத் தெரியும். அதைக் கழித்துத்தான் 2,975 வந்தது.

அப்புறம், வீடு வீடாகக் கேட்கும்போது, தனியாக வாழ்ந்து இறந்தவரைப் பற்றிச் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

குழந்தை இறப்பிலும் இதே கதைதான். பதிவேடு சரியாக இல்லாத நாடுகளில் சர்வே எடுப்பவர்கள் தாயிடம் கேட்கிறார்கள்: எத்தனை பிறந்தது, எத்தனை இருக்கிறது? எய்ட்ஸ் கடுமையாகப் பரவிய நாடுகளில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போன குடும்பங்கள் இந்தக் கணக்கில் விழவில்லை. தாய் இருந்தாலும், பிறந்த அன்றே போன குழந்தையைப் பற்றிப் பேச மனம் வராது. அதனால்தான் "பிறந்ததும் அழுது, பிறகு தவறிய குழந்தை உண்டா?" என்று கேள்வித்தாள் மறுபடியும் கேட்கிறது. குழந்தை எந்த வயதில் தவறியது என்று கேட்டால், "ஒரு வயசிருக்கும்" என்பார் தாய். கேட்பவர் 12 மாதம் என்று எழுதுவார். உண்மையில் 11 மாதமாக இருந்தால், ஒரு வயது நிறையும் முன் இறப்பவர்களை மட்டும் எண்ணும் சிசு இறப்பு விகிதத்திலிருந்தே அந்தக் குழந்தை வெளியே போய்விடும். 12ஆம் மாதத்தில் இறப்புகள் குவிந்து நிற்பதை இப்படிப்பட்ட பல சர்வே தரவுகளில் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், முழுமையான பதிவேட்டுக்கு ஈடு எதுவும் இல்லை. அது இல்லாத இடத்தில் வீச்சோடு சொல்லப்படும் சர்வேயை நம்புவேன். பதிவும் இல்லாமல் சர்வேயும் இல்லாமல், கணித மாடல் மட்டும் வைத்து தசமப் புள்ளி வரை சொல்லும் எண்ணை மேற்கோள் காட்டத் தயங்குவேன்.

ஆனால் பதிவேடும் தானாக நிரம்பாது. ஒரே நாள் வாழ்ந்த குழந்தைக்குப் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பம் இரண்டையுமே விட்டுவிடுகிறது.