தொலைக்காட்சிக்குத் தனி வழி இருந்தது
சினிமாவுக்காக எழுதிய மென்பொருள்கள் விலை குறைந்த பிறகுதான் தொலைக்காட்சி ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு வந்தன என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. உருவங்களைக் கணினியிலேயே செய்து அசைக்க உதவும் லைட்வேவ் 3டி என்ற மென்பொருள் வந்த வழியே வேறு. அமிகா என்ற வீட்டுக் கணினிக்காக ஆலன் ஹேஸ்டிங்ஸ் எழுதிய வீடியோஸ்கேப் 3டி, ஸ்டூவர்ட் ஃபெர்குசன் எழுதிய மாடலர், இந்த இரண்டும்தான் அதற்கு மூலம். உருவம் செய்ய ஒரு புரோகிராம், அதை அசைத்து ஒளியூட்ட இன்னொன்று என்று அது தொடர்ந்து இரண்டாகவே இருந்துவருவதற்கும் இதுதான் காரணம். நான் 3டி கற்றது அதில்தான், அந்தப் பிரிவு வேலையைத் தெளிவாக வைத்திருந்தது என்று இன்றும் சொல்வேன். அப்புறம், அது முதலில் விற்பனைக்கு வந்ததே நியூடெக்கின் வீடியோ டோஸ்டர் என்ற வீடியோ தயாரிப்புக் கருவியோடு சேர்த்துத்தான். 1993-இல் பாபிலோன் 5 என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டப் படத்துக்கு ரான் தார்ன்டனின் குழு அமிகாக்களில் இதைக் கொண்டே விண்கலங்களை உருவாக்கி எம்மி விருதும் வாங்கியது. அந்தத் தரம் திரையரங்குக்குப் போதாது என்று இதே கட்டுரைக்கான கருத்தில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சரிதான், ஆனால் அன்றைய தொலைக்காட்சிக்கு ஒரு ஃபிரேமில் ஏறக்குறைய 720க்கு 486 பிக்சல் போதும். சினிமாவின் 2கே ஃபிரேமில் (2048க்கு 1556 பிக்சல்) அதைப்போல சுமார் ஒன்பது மடங்கு பிக்சல்கள். வாரம் ஓர் எபிசோடு முடித்தாக வேண்டிய குழுவுக்கு, சின்னக் கணினிகள் பலவற்றில் ரெண்டரிங்கை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்கிட்டுப் படமாக்கும் வேலையை, பிரித்துப்போட முடிந்ததே பெரிய விஷயம்.