மலை ஏறினீர்களா, அதை முதலில் சொல்லுங்கள்

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

நம் ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதனால் முழுக் கதையையும் சொல்லப் போவதில்லை. ஒரு கல்லூரிப் பையன் 'கிருஷ்ணகிரியின் பழைய வழிபாட்டு இடங்கள்' என்று நான்கு போட்டோ போட்டான். சாயங்கால வெயிலில் மலை, மலை மேல் தர்கா, காட்டு வீர ஆஞ்சநேயர் கோயில், பாத்திமா அன்னை ஆலயம். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள். யார் முதலில் வந்தது, யார் நேற்று வந்தது, லிஸ்டில் இருந்து எதைத் தூக்க வேண்டும். பையன் பயந்துபோய் ராத்திரியோடு பதிவையே தூக்கிவிட்டான்.

நான் கேட்டது ஒரே கேள்வி. இங்கே சண்டை போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் போட்டோவில் இருக்கும் சையத் பாஷா மலை ஏறியிருக்கிறீர்கள்? அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதையையும் பார்த்திருப்பீர்கள். 'ஏறினேன்' என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஒரு அண்ணன் மட்டும் 'டிரோன் வீடியோ பார்த்திருக்கேன்' என்றார். ரொம்ப நல்லதுண்ணா.

ஏறாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மலை மேல் இருக்கும் கோட்டை விஜயநகரக் காலத்தது. அப்புறம் பீஜாப்பூர், மைசூர், ஐதர் அலி என்று கை மாறிக்கொண்டே இருந்தது. 1768ல் ஆங்கிலேயர்கள் முற்றுகை போட்டுப் பிடித்தார்கள். அது திரும்ப மைசூர் பக்கம் போனது. 1791 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை ஏறப் பார்த்து, அடி வாங்கிக்கொண்டு இறங்கியது. அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் எழுதிக் கொடுத்த பிறகுதான் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பாராமகால் சீமை ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தது. பீரங்கியோடு வந்தவனுக்கே சுலபத்தில் மசியாத மலை. நம் ஆட்கள் சோபாவில் சாய்ந்தபடி ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டார்கள்.

சரி, முதலில் வந்தவனுக்குத்தான் எல்லாம் என்றே வைத்துக்கொள்வோம். இதே மாவட்டத்தில் மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ல் அறிவித்தார்களே, அன்றைக்கு நீங்களும்தானே பெருமையாக ஷேர் செய்தீர்கள்? அப்படியென்றால் ஊரை அந்த இரும்பு செய்தவனிடம் கொடுத்துவிட்டு நாம் எல்லோரும் கிளம்ப வேண்டியதுதான். ராயக்கோட்டை பக்கம் மல்லச்சந்திரத்தில் குன்று முழுக்கக் கல்திட்டை கட்டிச் செத்தவர்களைப் புதைத்தானே, அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டான் என்று யாராவது கமெண்டில் சொல்லுங்களேன்.

தர்மபுரிக்குப் போங்கள். அன்றைய தகடூர். நுளம்ப அரசன் மகேந்திரன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், அங்கே சமணப் பள்ளி கட்டியதைக் கல்வெட்டு சொல்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் பரம்பரை என்று மார் தட்டுகிறோம். அந்த வழியில் வந்த விடுகாதழகிய பெருமாள்தான் திருவண்ணாமலை மாவட்டத்துத் திருமலையில் சமணர்களின் யக்ஷன், யக்ஷி சிலைகளைப் புதுப்பித்தவன். இன்று அந்தச் சமணர்கள் எங்கே? கணக்குப்படி அவர்கள்தான் முதலில் சண்டைக்கு வர வேண்டும். ஒருத்தரும் கமெண்ட் போடவில்லை.

வேடியப்பன் கோயில்களையும் யோசித்துப் பாருங்கள். மாட்டு மந்தையைக் கவரும் சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல்லை, நூற்றாண்டுகள் கழித்து வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிற மண் இது. கல்லில் இருப்பவன் யார், எந்த ஊர்க்காரன் என்று கேட்டா கும்பிட்டார்கள்?

எனக்குச் சின்ன வயதில் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து அழும் பழக்கம் இருந்தது. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, சாயங்காலம் ஒரு சொம்புத் தண்ணீரோடு என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் முன்னால் நிற்பாள். தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதுவார்கள். சனிக்கிழமை காட்டு வீர ஆஞ்சநேயர் கோயிலில் தேங்காய் கட்டுவாள். அதற்கும் அடங்காமல் அத்தையிடம் காசு கொடுத்து, மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது, டாக்டரிடம் காட்டு என்று கத்துவார். டாக்டரிடமும் காட்டினாள். அழுகை நின்றது யாரால் என்று ஆயா கடைசிவரை தீர்ப்புச் சொல்லவில்லை. நான்கு இடத்திலும் பாக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

உடனே வருவீர்கள், 'ஆரம்பிச்சுட்டாங்க நல்லிணக்க மசாலா' என்று. என் ஆயா ஒன்றும் மகாத்மா இல்லை. வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தவள்தான். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தோண்டிக் கஷ்டப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் எல்லோரும் கொஞ்சிக் குலாவினார்கள் என்று நான் எங்கே சொன்னேன்? தெரியாத இடத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஆயா போய் நின்ற இடங்களைப் பற்றித்தான் ஆயா பேசினாள். நீங்கள் போய் நின்றீர்களா?

'வரலாற்றில் இடிக்கவில்லையா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். இடித்தார்கள். இத்தனை படை வந்து போன ஊரில் இடிக்காமல் இருப்பார்களா? அதற்கு ஒரு காலேஜ் பையனின் போட்டோவை ஏன் இடித்தீர்கள்?

இன்னொரு மேதை, தர்மபுரி கத்தோலிக்க மறைமாவட்டம் 1997ல்தான் வந்தது, ஆகவே சர்ச் எல்லாம் நேற்றைய சமாசாரம் என்று எழுதியிருந்தார். மறைமாவட்டம் 1997ல் சேலத்திலிருந்து பிரிந்தது, உண்மை. கிருஷ்ணகிரி மாவட்டம்கூட 2004ல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. அதற்கு முன்னால் இங்கே மனிதர்களே இல்லையா? இத்தாலியப் பாதிரியார் நொபிலி சேலம், சேந்தமங்கலம் பக்கம் வந்தது 1623ல் சார். நானூறு வருடம் உங்களுக்கு நேற்று என்றால், உங்கள் தாத்தா இன்னும் பிறக்கவே இல்லை.

இதெல்லாம் போகட்டும். 'பெங்களூருல உக்காந்துகிட்டு எங்க ஊருக்குப் புத்தி சொல்லாதீங்க மேடம்' என்று ஒரு கமெண்ட். அதற்கு விழுந்த லைக்குகளை நானும் பார்த்தேன். எங்க ஊராம். வேலை அங்கே இருக்கிறது, அதனால் அங்கே இருக்கிறேன். லீவு கிடைத்தால் அத்திப்பள்ளி எல்லை நெரிசலில் மணிக்கணக்கில் நின்று இங்கேதான் வருகிறேன். ஓட்டு இங்கே, வீட்டு வரி இங்கே, அப்பாவைப் புதைத்த மண் இங்கே. இன்னும் என்ன காட்ட வேண்டும், யாரிடம் காட்ட வேண்டும்? முதலில் தர்காவை எடு என்றார்கள், அப்புறம் சர்ச்சை எடு என்றார்கள், கடைசியில் என்னையும் எடுத்துவிட்டார்கள்.

எங்க ஊர் என்று சொல்கிறவர்களுக்காக, போன முறை மலையில் பார்த்ததைச் சொல்கிறேன். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை அது. வழியெல்லாம் பீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட். சுவரில் பெயின்ட்டில் ஹார்ட்டின் படம், அதில் அம்பு, இரண்டு பக்கமும் பெயர். எல்லா மதத்துப் பெயரும் இருக்கிறது, இதில் மட்டும் குறையே வைக்கவில்லை. மலை எங்களுடையது என்று எழுதியவர்களில் ஒருத்தர் ஒரு பாட்டிலைக் கீழே கொண்டு வந்தார் என்று கேள்விப்பட்டால் என்னிடம் சொல்லுங்கள், பொன்னாடை என் செலவு. மேலே தர்காவில் இருந்த பெரியவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பெங்களூரா கிருஷ்ணகிரியா என்று அவர் கேட்கவில்லை.

அந்தப் பெங்களூர் கமெண்டுக்கு லைக் போட்டவர்களில் என் சொந்தச் சித்தப்பா மகனும் ஒருவன். தம்பி, பார்த்தேன். யார் யாரோ சொன்னதைவிட அதுதான் வலித்தது. உன்னை அன்ஃபிரெண்ட் செய்யப் போவதில்லை, நீயும் இதைப் படிக்க வேண்டும். ஒரு விஷயத்தில் உன்னைப் பாராட்டியாக வேண்டும். அத்தனை பேரில் மலை ஏறியவன் நீ ஒருத்தன்தான். படிக்கட்டுத் திருப்பத்துச் சுவரில் உன் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பச்சை பெயின்ட்டில். பக்கத்தில் இருக்கும் பெயர் யாருடையது என்று சித்தியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.