ஏப்ரலில் தக்காளிக் கன்று விற்கிற புண்ணியவான்களுக்கு

ரொறன்ரோவில் ஏப்ரல் கடைசியில் ஏதாவதொரு சனிக்கிழமை வெயில் எறித்து 18 டிகிரி வந்துவிட்டால் போதும், ஸ்காபரோ முழுக்கத் தக்காளிப் பித்துப் பிடித்துவிடும். முந்தின நாள்வரை தடித்த ஜக்கெற்றோடு திரிந்த சனம் பெரிய கடைகளின் தோட்டப் பகுதிக்குப் படையெடுத்து, தள்ளுவண்டி நிறையக் கன்றுகளோடு வெளியே வரும். சனத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஐந்து மாதம் வெள்ளையையும் சாம்பல் நிறத்தையும் பார்த்துச் சலித்த கண்ணுக்கு முன்னால் பச்சையாக ஒன்றைக் காட்டினால் கை தானாகப் போகத்தான் செய்யும். என் கோபமெல்லாம், அது தெரிந்துகொண்டே சரியாக அந்த வாரம் பார்த்துக் கன்றுகளை இறக்கி வாசலில் அடுக்குகிற கடைக்காரர் மேல்தான்.

எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பெரிய கடை இருக்கிறது. பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் ஒன்றுதான். போன சனிக்கிழமை மண் மூட்டை வாங்கப் போனால், வாசலில் நாலைந்து தட்டு உயரத்துக்குத் தக்காளி. சின்னக் கன்று என்றாலும் பரவாயில்லை. முழங்கால் உயரம், மஞ்சள் பூ, சிலதில் சுண்டங்காய் அளவில் காய்கூடப் பிடித்திருக்கிறது. சாடியின் அடித்துளையால் வெள்ளை வேர் வெளியே வந்து தட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. சாடியில் செருகியிருக்கிற அட்டையில் சிவந்த பழத்தின் படம், ஒரு சூரியன், '75 நாள்' என்று பெரிதாக ஒரு எண். அட்டையைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எறும்பெழுத்தில் 'உறைபனி ஆபத்து நீங்கிய பின் நடவும்' என்று ஒரு வரி. எப்போது நீங்கும்? அதைச் சொல்ல வேண்டாமா? தெற்கே வின்ட்சரில் இருப்பவனுக்கும் வடக்கே சட்பரியில் இருப்பவனுக்கும் அதே அட்டைதான்.

அங்கே தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பொடியனிடம், இதை இப்போது வெளியே வைக்கலாமா என்று கேட்டேன். "ஓம், நாங்களே வெளியிலதானே வைச்சிருக்கிறம்" என்றான். அடப்பாவி! சாயந்தரம் ஆனதும் அந்தத் தட்டுகளைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு உள்ளே போவதும் அதே பொடியன்தான். கடைக்காரனுக்குத் தெரியும், இரவு அது வெளியில் நின்றால் காலையில் விற்க ஒன்றும் மிஞ்சாது என்று. அவன் தன் சரக்கை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவான், நீங்கள் மட்டும் கொண்டுபோய் வெட்டவெளியில் நட வேண்டும். அந்தச் சக்கரத்தைப் பார்த்ததிலிருந்துதான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம், இவர்கள் தெரிந்தே செய்கிறார்கள். மே நடுவில் அதே ஆள் வாடின முகத்தோடு திரும்பி வந்து இன்னொரு தரம் வாங்குவான் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

தக்காளி தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் பக்கத்திலிருந்து வந்த செடி. பிறந்த இடம் சூடு, குளிர் அதற்கு ஆகவே ஆகாது. உறைபனி விழுந்தால்தான் சாகும் என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் சரியில்லை. இரவு 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினாலே அது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா நிற்கும். மண் 15, 16 டிகிரிக்காவது வந்தால்தான் வேர் ஒழுங்காக வேலை செய்யும். ஏப்ரலில் நண்பகல் வெயில் முதுகைச் சுடலாம், ஆனால் கையை மண்ணுக்குள் நாலு அங்குலம் விட்டுப் பாருங்கள், விரல் விறைக்கும். அந்தக் குளிர்மண்ணில் வேர் பொஸ்பரஸை எடுக்க முடியாமல் திணற, இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறும். உடனே நம்மவர் என்ன செய்வார்? "சத்துக் காணாது" என்று அதே கடைக்கு ஓடிப் பசளை வாங்கி வந்து கொட்டுவார். சத்து மண்ணில் கிடக்கிறது ஐயா, சூடுதான் இல்லை. ஜூனில் மண் சூடானால் ஊதா தானாகப் போகும். ஆனால் பசளைக் காசு போனது போனதுதான்.

அப்புறம் அந்தப் பூ. "பூவோட வாங்கியிருக்கிறன், மற்றவைக்கு முந்திப் பழம் பிடுங்குவன்" என்று பெருமையாகப் படம் அனுப்புகிறார்கள். இரவு 13 டிகிரிக்குக் கீழே நின்றால் பூவில் மகரந்தம் சரியாகச் சேராது, பெரும்பாலும் உதிர்ந்துவிடும். தப்பிப் பிடிக்கிற காயும் அடிப்பக்கம் கோணி, தழும்பு விழுந்து, ஒரு முகம் கொடுக்காமல் வளரும். சாடிக்குள் வேர் சுற்றி இறுகிப்போய், சாகப் போகிறோமோ என்ற பதற்றத்தில் அவசரமாகப் பூத்த செடி அது. கட்டையாக, தண்டு தடித்து, பூவே இல்லாமல் நிற்கிற கன்றுதான் நல்ல கன்று. ஆனால் அதை யார் வாங்குவார்? பூதான் விலை போகிறது, அதனால் அவர்களும் பூக்கவைத்தே அனுப்புகிறார்கள்.

இன்னொன்று, பசுமைக்குடிலில் காற்றுப் படாமல் வளர்ந்ததை ஒரேயடியாக வெயிலில் கொண்டுபோய் வைத்தால் இலை வெள்ளை வெள்ளையாகக் கருகும். ஒரு வாரம் பத்து நாள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியில் வைத்துப் பழக்க வேண்டும். இதையும் கடையில் ஒருவரும் சொல்வதில்லை, சொன்னால் வியாபாரம் கெட்டுவிடுமே.

இனி எங்கள் சனத்துக்கு வருகிறேன், கோபிக்க வேண்டாம்.

சித்திரை வருடப்பிறப்புக்குக் கோயிலுக்குப் போன இடத்திலேயே விசாரணை தொடங்கிவிடுகிறது. "என்ன தம்பி, இன்னும் தக்காளி வைக்கேல்லையோ?" என்று ஒரு மாமி. நான் மார்ச் கடைசியில் விதை போட்டு, ஜன்னலோரம் விளக்குப் பூட்டி வளர்க்கிறவன். என்னுடையது அப்போதுதான் விதையிலைக்குப் பிறகு வருகிற உண்மையான இலை விட்டுக்கொண்டு நிற்கும். மாமியின் மகனோ கடையிலிருந்து பூவோடு கொண்டுவந்து இறக்கிவிட்டான். பிறகென்ன, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகப் படம். பின்வளவில் அடுக்கடுக்காகச் செடி, ஒவ்வொன்றுக்கும் கம்பிக் கூண்டு. கீழே, "உம்மட எப்பிடி, இன்னும் யன்னல்லதானோ?" என்று சிரிப்புப் படத்தோடு ஒரு கேள்வி. மே பிற்பகுதியில் வருகிற விக்டோரியா தினம் வரட்டும் அண்ணை என்று எழுதினால், "நீர் புத்தகத்தைப் பாத்துச் செய்யிற ஆள்" என்று நக்கல்.

அதே அண்ணையிடமிருந்து மே மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் போன் வரும். "தம்பி, இண்டைக்கு இரவு பனி கொட்டுமாம், என்ன செய்யிறது?" என்ன செய்வது? பழைய பெட்சீற், சாரம், வாளி, பால் கான், பெட்டி, அகப்பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு கைவிளக்கோடு பின்வளவுக்குப் போக வேண்டியதுதான். பிளாஸ்ரிக் தாளை நேரடியாக இலையில் பட மூட வேண்டாம், பட்ட இடம் அப்படியே உறையும் என்று சொல்வதற்குள் அவர் குப்பைப் பையால் மூடிவிட்டு வந்திருப்பார்.

"ஆனால் செயலியில் 2 டிகிரி என்றுதானே காட்டினது, சைபருக்குக் கீழ போகேல்லையே, பிறகேன் செத்தது?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. வெப்பமானி இருப்பது ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில், உங்கள் கன்று இருப்பது நிலத்தோடு. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்து காற்றும் அசையாமல் நின்றால், நிலத்தின் சூடு நேரே மேலே போய்விடும், குளிர்ந்த காற்று கனமாகக் கீழே வந்து படுக்கும். மேலே 2 என்றால் கீழே சைபருக்கும் கீழேதான். மேகம் மூடின இரவில் அதே 2 டிகிரியில் ஒன்றும் நடக்காது. பகலில் "ஆகா, என்ன அருமையான தெளிந்த வானம்" என்று சொன்னீர்களே, அந்தத் தெளிந்த வானம்தான் கொன்றது.

காலையில் போய்ப் பார்த்தால் முதலில் செடி உயிரோடு இருக்கிற மாதிரித்தான் இருக்கும். இலை விறைத்து நிற்கும், விளிம்பில் வெள்ளைப் பூச்சு. வெயில் பட்டு அது கரைந்ததும் இலையெல்லாம் அவித்த கீரை மாதிரிக் கரும்பச்சையாகத் தொங்கும். தொட்டால் ஈரம் கசியும். மத்தியானத்துக்குள் கறுத்து, தண்டு மட்டும் கம்பிக் கூண்டுக்குள் மொட்டையாக நிற்கும். அந்த நேரம் குழுவில் ஒரு படமும் வராது, அது வேறு விஷயம்.

இது எப்போதாவது ஒரு தரம் நடக்கிற கதையும் இல்லை. 2020 மே மாதம் அன்னையர் தின வார இறுதியை யோசித்துப் பாருங்கள், ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த நேரம், மே இரண்டாம் வாரத்தில் தெற்கு ஒன்ராறியோவில் ஸ்நோ பறந்தது. 2023 மே 18 அதிகாலை அடித்த உறைபனியில் கியூபெக்கில் திராட்சைத் தோட்டங்களே கருகின. பரம்பரை பரம்பரையாகத் தோட்டம் செய்கிறவர்களே தலையில் கை வைத்துக்கொண்டு இருந்த இடத்தில், நம்முடைய கம்பிக் கூண்டு எம்மாத்திரம்?

'கடைசி உறைபனி சராசரித் தேதி' என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். சராசரி என்றால் ஏறக்குறையப் பாதி வருடங்களில் அதற்குப் பிறகும் உறைபனி வரும் என்று அர்த்தம். நாணயம் சுண்டிப் பார்த்தா தக்காளி நடுவது? அதுவும் டவுன்ரவுன் கட்டடங்களுக்கு நடுவில் இருப்பவனுக்கு ஒரு கணக்கு, ஏரியை விட்டுத் தள்ளி வடக்கே மார்க்கம், ஸ்ரூவில் பக்கம் பள்ளத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு வேறு கணக்கு. இன்னும் சிலர் வலய எண்ணைச் சொல்வார்கள். "எங்கட இடம் வலயம் 6, பயமில்லை." அந்த எண், குளிர்காலம் முழுக்க வெளியில் நின்று தப்பிக்கிற மரத்துக்கும் புதருக்கும் போட்டது. ஒரு கோடையோடு முடிகிற தக்காளிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதே எண்ணைத் தக்காளிக்குப் பக்கத்துப் பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, இதெல்லாம் தெரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது? அதுதான் உச்சக்கட்ட எரிச்சல். இந்த நாட்டில் தக்காளி நட ஒரு வழக்கமான நாள் உண்டு, விக்டோரியா தினம், மே 25க்கு முந்தின திங்கட்கிழமை. அந்த வார இறுதியில் இரவுகள் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், மண்ணும் சூடு பிடித்திருக்கும். அதற்கும் இரண்டு நாள் பொறுத்து, வானிலை பார்த்து நட்டால் ஒரு வில்லங்கமும் இல்லை. ஆனால் அன்று கடைக்குப் போனால் தட்டில் என்ன இருக்கும்? ஏப்ரலில் வந்து வெயிலில் காய்ந்து, குளிரில் நடுங்கி, அடியிலை மஞ்சளாகி, தண்டு நீண்டு சாய்ந்த மிச்சம் மீதி. நல்ல இனங்கள் எல்லாம் போய்விட்டன. சின்னச் சாடி முடிந்துவிட்டது, பெரிய சாடியில் கூண்டோடு நிற்பதுதான் இருக்கிறது, விலையும் அதற்கேற்ற மாதிரி. நட வேண்டிய வாரத்தில் நடுவதற்குக் கன்று இல்லை! அந்த இடத்தில் பெற்றூனியாப் பூச்சாடியை அடுக்கிவிட்டார்கள். அப்புறம் சனம் ஏன் முந்தி வாங்காது? வாங்கி, காலையில் வெளியே, மாலையில் கராஜுக்குள் என்று தூக்கித் தூக்கி இடுப்பை முறிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். கடையில் அதற்குச் சக்கரம் இருக்கிறது, வீட்டில் இடுப்புத்தானே இருக்கிறது.

காசைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், அது இன்னொரு கூத்து. மரம், புதர் என்றால் ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறதாம், தக்காளி அதில் சேராதாம். பற்றுச்சீட்டைக் காட்டினாலும் "வெளியே குளிராக இருந்திருக்கும்" என்கிறார்கள். ஆமாம், குளிராகத்தான் இருந்தது, அதைத்தான் விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

இத்தனை அவசரம் எதற்கு என்றும் எனக்கு விளங்கவில்லை. இந்த ஊரில் மே நடுவிலிருந்து ஒக்ரோபர் தொடக்கம் வரை ஏறத்தாழ ஐந்து மாதம் கிடைக்கிறது. அட்டையில் போட்டிருக்கிற 75 நாள் நட்ட நாளிலிருந்து எண்ணுவது. மே கடைசியில் நட்டாலும் ஓகஸ்ட் நடுவில் பழம். குளிரில் முந்தி வைத்ததும் சூட்டில் பிந்தி வைத்ததும் ஜூன் முடிவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பல நேரம் பிந்தி வைத்ததுதான் முந்தும். குளிரில் ஒருதரம் முடங்கின செடி பழைய நிலைக்கு வரவே வாரக்கணக்காகும்.

கடைக்காரர்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தக்காளித் தட்டுக்கு மேலே ஒரு அட்டை, 'இரவு 10 டிகிரிக்கு மேல் நிற்கும்வரை வெளியில் நட வேண்டாம்' என்று, பழத்தின் படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய எழுத்தில். மே கடைசிக்கும் ஒரு லொறி நல்ல கன்று. அவ்வளவுதான்.

சொந்தக்காரருக்கும் சொல்லிவிடுகிறேன், விக்டோரியா தினத்துக்கு முன்னர் என்னிடம் தக்காளிக் கதை கதைக்கக் கூடாது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே குழுவில் ஒரு படம் வந்து விழுகிறது, யாரோ கத்தரியும் பச்சை மிளகாயும் நட்டாச்சாம். அதற்குத் தக்காளியை விடவும் சூடு வேண்டும், ஜூன் பிறக்க வேண்டும் அண்ணை, ஜூன்!