அம்மாவின் பற்று நோட்டு

போன வாரம் எங்கள் ஊர் விழாவில் அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி, 'உழைப்பால் உயர்ந்த பெண்மணி' என்று எழுதிய கேடயம் ஒன்று கொடுத்தார்கள். படத்தை நான்தான் இங்கே போட்டேன். வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். ஆனால் அதில் பலரும் எழுதிய ஒரு வரி இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. 'உழைத்தால் யாரும் உயரலாம் என்பதற்கு உங்கள் அம்மாவே சாட்சி.'

அம்மா வாழைக்காய் சிப்ஸ் போட ஆரம்பித்தது 1998இல். அதற்கு முன்னால் 14 வருடம் முந்திரி ஆலையில் வேலை பார்த்தாள். எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் அண்டி ஆபீஸ் என்போம். காலையில் இருட்டோடு போவாள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். கூலி கிலோ கணக்கில். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவின் விரல் நுனி கறுப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த 14 வருடமும் அவள் உழைக்கவில்லையா? இப்போது உழைப்பதைவிட அதிகமாகவே உழைத்தாள். வீடு ஓலைக்கூரையாகவேதான் இருந்தது. அவளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து அண்டி உடைத்த அக்காமார் இன்றும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். முதுகு வளைந்துவிட்டது, கையில் காசில்லை. 'உழைத்தால் உயரலாம்' என்று நாம் எழுதும்போது, அவர்கள் உழைக்கவில்லை என்று சொன்னதாக ஆகிவிடுகிறது. அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

அப்படியானால் அம்மாவை மட்டும் தூக்கிவிட்டது எது? என்னைக் கேட்டால், இரண்டு வாழைக்குலை.

அந்த வருடம் ஓணத்துக்கு முன்னால் ஆலையில் வேலை இல்லை. தக்கலைச் சந்தையில் குலை வியாபாரம் செய்த ஒரு அண்ணாச்சியிடம் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர், "ரெண்டு ஏத்தன் குலை கொண்டு போ பிள்ளே, வித்துட்டுத் தா" என்றார். வட்டி இல்லை, கையெழுத்து இல்லை. ஏத்தன் என்பது நேந்திரன் வாழை. பற்று நோட்டில் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். அடுத்த வீட்டுப் பாட்டி தன் பெரிய இரும்புச் சட்டியைக் கொடுத்தாள். விறகுக்குத் தேங்காய்க் கதம்பையும் சிரட்டையும். தேங்காய் எண்ணெய் மட்டும்தான் காசு கொடுத்து வாங்கியது.

வேலை அவளுக்கு உடனே கைவந்துவிடவில்லை. ஏத்தங்காயைத் தோல் உரித்தால் கறை கையில் பிசின் மாதிரி ஒட்டும். மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்து, சீவும் பலகையை எண்ணெய்க்கு மேலேயே பிடித்துச் சீவ வேண்டும். முக்கால் வேக்காட்டில் உப்புத் தண்ணீரைத் தெளித்தால் எண்ணெய் சடசடவென்று பொங்கும். அந்தச் சத்தம் அடங்கும் நேரம்தான் பக்குவம். முந்தினால் சிப்ஸ் நமுத்துப்போகும், பிந்தினால் கசக்கும். அம்மா இன்றைக்கும் சட்டியைப் பார்க்க மாட்டாள், காதால்தான் கேட்பாள். முதல் குலையில் பாதியைக் கருக்கிவிட்டாள். அண்ணாச்சி கடன் கொடுத்திருந்ததால்தான் இரண்டாவது குலையைச் சீவ முடிந்தது. தவறு செய்வதற்கும் கைமுதல் வேண்டும். ஏழைக்கு இல்லாதது அதுதான்.

அதே தெருவில் இன்னொருத்தி அதே வருடம் முறுக்கு சுட்டு விற்க ஆரம்பித்தாள். அம்மாவைவிடக் கைப்பக்குவம் உள்ளவள். அவளுக்குக் கிடைத்தது தினத்தவணைக்காரர். 10,000 ரூபாய் என்று சொல்லி 9,000 கையில் தருவார். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே பணம் திரும்பிப் போகிறதே, 9,000 முழுதாகக் கையில் நிற்பதே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. மழை பெய்து வியாபாரம் இல்லாத நாளிலும் அந்த 100 ரூபாய் போயாக வேண்டும். இரண்டே வருடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி அண்டி ஆபீசுக்குப் போனாள். கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003இலேயே வந்துவிட்டது. தவணை நோட்டு இன்றும் சந்தையில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒகி புயல் வந்தது. கடலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பி வராத அந்த நாட்களில் எங்கள் நஷ்டத்தைப் பேசவே கூச்சமாக இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். மாவட்டம் முழுக்க வாழைத்தோட்டங்கள் சாய்ந்தன. அண்ணாச்சி குத்தகைக்கு எடுத்துப் போட்டிருந்த வாழையும் போயிற்று. விழுந்த குலைகள் விளையாதவை. முற்றாத காய் சிப்ஸுக்கு ஆகாது, எண்ணெய் குடிக்கும். அது தெரிந்தும் அம்மா அவரிடம் ஒரு வண்டி நிறைய வாங்கினாள். கறிக்காக விற்றது போக மிச்சம் எருக்குழிக்குப் போனது. "அவரு நோட்டுல நான் எத்தனை வருசம் இருந்தேன் மக்களே," என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

இப்போது அரசுத் திட்டங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. 2015இல் வந்த முத்ரா கடனில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். சிறு உணவுத் தொழில்களுக்கு 2020இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீத மானியம் அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அண்டி உடைக்கும் ஒரு அக்கா வங்கிப் படியேறி, ஆங்கிலப் படிவத்தை நிரப்பி, நாலு தடவை அலைந்து, அதற்காக நாலு நாள் கூலியை இழந்து அதை வாங்க வேண்டும். படிவம் நிரப்பத் தெரிந்த நாம் அவர்களோடு ஒரு நாள் போய்விட்டு வரலாம் அல்லவா? என் தெருவில் இரண்டு பேருக்கு இந்த மாதம் நான் போகிறேன். அவர்களில் ஒருத்தி அந்த முறுக்குக்கார அக்கா.

அம்மாவின் கடையிலும் இப்போது ஒரு பற்று நோட்டு இருக்கிறது. டீக்கடைகளுக்குப் பாக்கெட் போட்டு விற்கும் நாலைந்து பெண்கள் சரக்கு எடுத்துப் போய், விற்ற பிறகு காசு தருகிறார்கள். நேற்று வரவு எழுதும்போது பார்த்தேன். ஒரு பெயருக்கு நேரே ஏழு மாதமாக எதுவும் வரவில்லை. அம்மாவிடம் காட்டினேன். "அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, அந்தப் பக்கத்தைப் புரட்டிப் போடு," என்று சொல்லிவிட்டு, சட்டியின் சத்தத்தைக் கேட்கப் போய்விட்டாள்.