இரண்டு மணி நேரத்தில் மாத்திரை மறைந்துவிடுவதில்லை

"ஸ்பைரோனோலாக்டோன் இரண்டு மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விடும், மறுநாள் சோதனையில் அகப்படாது, இளநீரும் குடிக்கலாம்" என்று மேலே மன்னார்குடி அண்ணன் எழுதியிருக்கிறார். சிறுநீரைப் பெருக்கி உடலின் மிகைநீரை வெளியேற்றும் மாத்திரை அது. அவர் சொன்னதில் பாதிகூடச் சரியில்லை.

மூல மருந்தின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 1.4 மணி என்பது உண்மை. ஆனால் அது மாயமாகிவிடுவதில்லை, வேறு பொருள்களாக உருமாறுகிறது. அவற்றில் ஒன்றான கான்ரெனோனின் அரை ஆயுள் ஏறத்தாழ 16.5 மணி நேரம். கந்தகம் சேர்ந்த இன்னொன்றுக்குக் கிட்டத்தட்ட 14 மணி நேரம். மருந்தின் வேலையைப் பெரும்பாலும் செய்பவையும் இவைதாம். அதனால் ஆய்வகங்கள் இரத்தத்திலும் சிறுநீரிலும் கான்ரெனோனைத்தான் முக்கியமாகத் தேடுகின்றன. பொருள் ஒளிரும் அளவை வைத்துக் கணக்கிடும் பழைய ஒளிர்வு முறை மற்ற உருமாற்றப் பொருள்களையும் கான்ரெனோனாகவே எண்ணி, அளவைக் கூட்டிக் காட்டியது. கலவையில் உள்ள பொருள்களைத் திரவ ஓட்டத்தில் பிரித்தெடுக்கும் திரவ குரோமட்டோகிராபி வந்தபிறகு அவற்றைத் தனித்தனியே பிரித்து அளக்க முடிகிறது. கபடிப் போட்டிக்குப் போகும் தம்பிகளும் கவனிக்க: கான்ரெனோன் பெயரோடு ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது.

இளநீர் விஷயம்தான் எனக்குக் கோபமூட்டியது. இந்த மாத்திரை பொட்டாசியத்தை வெளியேறவிடாமல் தேக்கிவைக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். திருவையாற்றுப் பக்கம், பொட்டாசியம் நிறைந்த இளநீரும் வாழைப்பழமும் இல்லாத வீடு ஏது? இந்த மாத்திரை சாப்பிடும் என் அப்பாவுக்கு மருத்துவர் முதலில் எழுதிக்கொடுத்ததே இரத்தப் பொட்டாசியச் சோதனைதான், அண்ணா.