சாட்சி சொல்ல என்ன அவசரம்?

குடியை நிறுத்தியவரை உடனே மேடையேற்றி, கடவுள் விடுதலை கொடுத்தார் என்று சாட்சி சொல்லவைக்கிறோமே, அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமான பதிவு. சபைக்காரர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

ஒன்பது வருடமாக வெள்ளிக்கிழமை இரவுகளில் தெரு ஊழியத்துக்குப் போகிறேன். குடியிலும் போதை ஊசியிலும் மாட்டிக்கொண்டு நடைபாதையில் கிடப்பவர்களிடம் போய் உட்காருவதுதான் வேலை. ஆரம்பத்தில் இயேசுவைப் பற்றிய கைப்பிரதிக் கட்டோடு போவேன். ஒருநாள் நான் கொடுத்த பிரதியை ஒரு பெரியவர் நான்காக மடித்து, அடியில் ஓட்டை விழுந்த செருப்புக்குள் வைத்து மிதித்துப் பார்த்தார். "இப்ப குத்தலை தம்பி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த ராத்திரி அவருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லையே. பைபிளில் வரும் குருடனான பர்திமேயுவுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தாலே தெரியும். அவனிடமே இயேசு, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் செய்தார்.

சரி, அந்தச் செருப்புக்காரரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு ராத்திரி, இனிமேல் தொடமாட்டேன் என்று அழுதார். நாங்களும் சேர்ந்து அழுது ஜெபித்தோம். குழுவில் ஒருவருடைய அறையில் தங்கவைத்தோம். மறுநாள் சட்டைப் பொத்தானைப் போடமுடியாத அளவுக்குக் கை நடுங்கியது. ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. எங்களில் ஒருவர் பிசாசைக் கடிந்துகொள்ள ஆரம்பித்தார். நல்லவேளை, குழுவில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தார். "தள்ளுங்க" என்று ஒரே சத்தம். பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்.

பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கப்புறம் சித்தம் கலங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உயிரே போகவும் கூடும். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்து, பக்கத்திலிருந்து பார்த்துத்தான் நிறுத்தவைக்க வேண்டுமாம். ஜெபித்தது தப்பில்லை. அதோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தோமே, அதுதான் தப்பு.

பிழைத்து வந்தார். மூன்றே வாரத்தில் ஒரு சபை அவரை மேடை ஏற்றியது. புதுச் சட்டை, கையில் மைக், கைதட்டல், வீடியோ. மாத்திரை இன்னும் போடுவது விசுவாசக் குறைவு என்று யாரோ காதில் வேறு போட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் தாங்கவில்லை, மறுபடி குடித்துவிட்டார். குடித்ததைவிட எனக்கு வலித்தது அடுத்து நடந்ததுதான். எங்களைத் தூரத்தில் கண்டாலே ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுவார். அத்தனை பேர் முன்னால் விடுதலையானேன் என்று சொன்ன மனுஷன் எந்த முகத்தோடு திரும்பி வருவார்?

விழுவது இந்த வழியில் சகஜம். நியூயார்க்கில் 1872-இல் குடிகாரர்களுக்காகவே மிஷன் என்ற ஊழிய இல்லத்தைத் திறந்த ஜெரி மக்காலி, சிறையில் மனந்திரும்பி, வெளியே வந்து பலமுறை விழுந்து எழுந்தவர்தான். குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவை 1935-இல் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், முந்தின வருடம் டிசம்பரில் ஒரு மிஷனில் முன்னே போய் முழங்கால் போட்டார். அப்புறமும் குடித்தார். சில நாளில் மருத்துவமனையில் போய்ப் படுத்தார். குடி நின்றது அங்கேதான், கடவுளைச் சந்தித்ததாக அவர் சொன்னதும் அந்தக் கட்டிலில்தான். மிஷனில் முழங்கால் போட்ட அன்றைக்கே யாராவது வீடியோ எடுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

ஹெராயின் போன்றவற்றில் இந்த வெட்கம் ஆளையே கொன்றுவிடும். கொஞ்ச நாள் விட்டிருந்தவருக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்பில் குறைந்திருக்கும். அதே அளவை மறுபடி ஏற்றினால் மூச்சு அடங்கிவிடும். நலாக்சோன் என்ற மருந்தை உடனே கொடுத்தால் காப்பாற்றலாம், ஆனால் கொடுக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமே. விழுந்ததைச் சொல்ல வெட்கப்படுகிறவர் தனியாகத்தான் ஊசி போடுவார். ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் மெத்தடோனையும் புப்ரினார்ஃபினையும் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. நம் ஆட்களோ ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்கிறார்கள். சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடும் பாஸ்டரிடம் இப்படிச் சொல்வார்களா?

நல்ல சமாரியன் கதையைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், இரண்டு பணம் கொடுத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். அடிபட்டவனை அவன் எந்த மேடையிலும் ஏற்றவில்லை. அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெரியவர் தானாகவே வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். "பேசச் சொல்லமாட்டீங்கள்ல தம்பி?" என்று கேட்டார். மாட்டோம் என்றேன். இப்போது எங்களோடு வரும்போது தண்ணீர் கேனை அவர்தான் தூக்குகிறார், வேறு யாரையும் தொடவிடமாட்டார். குடிக்காமல் எத்தனை நாள் ஆச்சு என்று நான் கேட்பதில்லை. சில வாரம் அவரே சொல்வார். சில வாரம் சொல்லமாட்டார்.